பிஸ்கட் போதும், ஆள் வேண்டும்

நான் வைத்தியம் பார்க்கப் போகும் புறநகர் விலங்குக் காப்பகம் ஒன்றில் போன வாரம் மறுபடியும் பார்வோ, நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன குட்டிகள். பெட்டிக்குள் ஒரு பால் பாக்கெட்டும் ஐநூறு ரூபாய் நோட்டும் இருந்தன. ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை.

பார்வோவுக்கு நாம் முக்கியமாகச் செய்வது, வாந்தியிலும் ரத்தப்பேதியிலும் போகிற நீரை டிரிப்பில் ஏற்றிக்கொண்டே இருப்பதுதான். குட்டி காலை மடக்கினால் டிரிப் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கும் அதைச் சரிசெய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளம் கட்டுப்படியாகாமல் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். ஸ்டோர் ரூமில் மட்டும் கூரை முட்ட நன்கொடையாக வந்த பிஸ்கட் பெட்டிகள்.

"பொருளாக எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் டாக்டர், பணம் மட்டும் கேட்காதீர்கள். சம்பளம், வாடகை என்று போய்விடும்." நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். அங்கேதான் போக வேண்டும்! வண்டியில் அடிபட்டு முதுகுத்தண்டு முறிந்த நாய்க்குத் தானாகச் சிறுநீர் போகாது. தினமும் பலமுறை வயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும், புண்ணில் ஈ மொய்க்கும், புழு வைக்கும். இதையெல்லாம் செய்வது சம்பளத்துக்கு வருகிற ஒரு மனிதர். விடியற்காலையில் கூண்டு கழுவுகிறவரும் அவர்தான், கடி வாங்குகிறவரும் அவர்தான். அவருக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் உண்டு. நம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நர்ஸுக்குச் சம்பளம் தரக்கூடாது என்று சொல்வோமா? காப்பகத்தில் சம்பளமும் வைத்தியச் செலவுதான். தயவுசெய்து இதைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

சென்னையில் 1959 முதல் இயங்கும் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸைப் பலருக்கும் தெரியும். நான் சொல்வது ஊருக்கு வெளியே வாடகை இடத்தில், தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து நடக்கிற சின்னக் காப்பகங்களை.

பொருள்தான் தருவேன் என்றால், சரி, எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பழைய பருத்தி பெட்ஷீட், துண்டு, செய்தித்தாள், கோணிப்பை எப்போதும் வேண்டும். கொக்கியும் பட்டனும் வைத்த சட்டை, ஜாக்கெட் வேண்டாம். குட்டிகள் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டு மீதி பிரியாணி வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். பசும்பால் பல குட்டிகளுக்கும் வயிற்றைக் கலக்கிவிடும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளும் வேண்டாம்: ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். பினாயிலும் பூனைக்கு விஷம், போதாததற்குப் பார்வோ வைரஸ் அதற்குச் சாகாது. ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக் கொடுங்கள்.

பணம் என்றால், மாதாமாதம் சிறிய தொகை. அடிபட்ட நாயின் வீடியோ பரவினால் ஒரே நாளில் பணம் கொட்டுகிறது, அடுத்த மாதம் விசாரிக்க ஆளில்லை. உடைந்த கால் எலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். நாய்களுக்கு வரும் பிறப்புறுப்புக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியை வாராவாரம் போட வேண்டும், பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பி வரும். "இந்த நாய்க்கு மட்டும்" என்று குறித்துத் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மீதியைப் பக்கத்துக் கூண்டுக்குச் செலவழிக்க அனுமதி கொடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒரே நாயின் படத்தை வைத்து வெவ்வேறு பெயரில் கியூஆர் கோடு சுற்றுகிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அறக்கட்டளைப் பதிவு இருக்கிறதா, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, ரசீது தருவார்களா என்று கேளுங்கள். வருமான வரிக் கழிவு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், கழிவு கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். கேள்விக்கு எரிந்து விழுகிற இடத்துக்குத் தராதீர்கள்.

வாசலில் குட்டிகளை விட்டுவிட்டு ஓடாதீர்கள். முதலில் ஃபோன் செய்யுங்கள். நோயுள்ள குட்டியைத் தனியாக வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சில நாள் உங்கள் வீட்டு மொட்டைமாடியிலோ கார் ஷெட்டிலோ வைத்துப் பாருங்கள், மருந்து எழுதித் தருகிறோம். தடுப்பூசி போடாத மற்ற குட்டிகளுக்கு நடுவே பார்வோ நுழைந்தால் கூண்டு கூண்டாகப் போகும்.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒன்று. கூண்டுக்குள் இறங்குகிற ஊழியர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும்: 0, 7ஆம் நாட்களிலும், 21 அல்லது 28ஆம் நாளிலும். பல காப்பகங்களில் இன்னும் போடவில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி பிஸ்கட் தருகிறவர்கள், இந்த வருடம் ஒரு ஊழியருக்கு இந்த மூன்று ஊசிகளின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.