அலையைக் கண்டுபிடிக்கும் முன் விண்கலத்தைப் பாருங்கள்

கடந்த மாதம் ஓர் இளம் ஆய்வாளர் என் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். முனைவர் பட்டம் முடித்து, 2 ஆண்டு ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தவர். பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தில் நாசாவின் எம்எம்எஸ் எனும் நான்கு விண்கலங்கள் அளந்த மின்புலத்தின் அலைவெண் வரைபடம் அது. 0.05 ஹெர்ட்ஸில் கோடு கிழித்தாற்போல ஒரு பட்டை. 6 மணி நேரம் இம்மியும் நகராத பட்டை. அதற்கு மேலே 0.1 ஹெர்ட்ஸில் மங்கலாக இன்னொன்று. காந்தப்புலத்தில் ஒன்றுமே இல்லை. இதுவரை யாரும் சொல்லாத நிலைமின் அலை, அதாவது மின்புலம் மட்டும் அலையும் அலை, என்று கட்டுரையின் முன்னுரை வரை எழுதிவிட்டார். 5 மாத உழைப்பு.

எம்எம்எஸ் விண்கலம் ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 20 வினாடி. 1ஐ 20ஆல் வகுத்தால் 0.05. அவர் 5 மாதமாக ஆராய்ந்தது விண்கலத்தின் சுழற்சியைத்தான்.

இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வரும் மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

மூவருமே கெட்டிக்காரர்கள். சமன்பாட்டில் பிழை இல்லை, நிரலில் பிழை இல்லை. மூவரையும் கவிழ்த்தது ஒரே நம்பிக்கை: "லெவல் 2 தரவு என்றால் சுத்தம் செய்யப்பட்ட தரவு. அதில் தெரிவதெல்லாம் இயற்கை." இந்த நம்பிக்கையை யார் விதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் முளைக்கிறது.

லெவல் 2 என்றால், கருவி தந்த எண்களை அளவுதிருத்தம் செய்து, மில்லிவோல்ட், நானோடெஸ்லா போன்ற அலகுகளுக்கு மாற்றி, வெளியார் பயன்படுத்தும் வடிவில் தந்திருக்கிறார்கள் என்று பொருள். அவ்வளவுதான். அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணும் விண்வெளியில் நடந்தது என்று யாரும் உறுதி தரவில்லை. கருவிக் குழு களைய முடிந்ததைக் களைந்திருக்கும். முடியாததைத் தரக்குறியீட்டிலும் (எந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) எச்சரிக்கைக் குறிப்பிலும் எழுதிவைத்திருக்கும். அவற்றை நீங்கள் படிக்கவில்லை என்றால் அந்தக் குழு என்ன செய்யும்?

எம்எம்எஸ் மின்புலத்தை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். சுழலும் தளத்தில் 60 மீட்டர் நீளமுள்ள 4 கம்பிகள்; ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் உருண்டை. எதிரெதிர் உருண்டைகளுக்கு இடையே சுமார் 120 மீட்டர். மின்புலம் மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்றால் இரண்டுக்கும் நடுவே கிடைப்பது 0.12 வோல்ட். ஆனால் சூரிய ஒளி பட்டு எலக்ட்ரான்கள் வெளியேறுவதால் விண்கலமே சில வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும். சுழலச் சுழலக் கம்பிகள் சூரியனைப் பார்க்கும் கோணம் மாறுகிறது. எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. குளிர்ந்த பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) பாயும் இடங்களில் விண்கலத்தின் பின்னால் ஒரு வெற்றுச்சுவடு விழுகிறது. இவையெல்லாம் சுற்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து போகும். அளவில் இது உண்மையான மின்புலத்தை எளிதாக மூழ்கடித்துவிடும்.

"நான்கு விண்கலங்களிலும் ஒரே அலைவெண்ணில் வருகிறதே, சார்?" என்று அவர் கேட்டார். அதைத்தான் தன் வலுவான ஆதாரமாக வைத்திருந்தார். நான்கிலும் ஒரே கம்பிகள், ஏறத்தாழ ஒரே சுழற்சி வேகம். நான்கிலும் வராமல் எப்படி இருக்கும்? உண்மையான அலை என்றால் பிளாஸ்மாவின் அடர்த்தியும் காந்தப்புலமும் மாறும்போது அதன் அலைவெண்ணும் கொஞ்சமாவது அசையும். 6 மணி நேரம் அசையாத பட்டையைப் பார்த்தால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும்.

பிசி3 எனப்படும் இயற்கையான காந்தமண்டலத் துடிப்புகளின் காலம் 10 முதல் 45 வினாடி வரை. 20 வினாடி அதன் நட்டநடுவே விழுகிறது, ஏமாறுவது எளிதுதான். அதற்காகவே சொல்கிறேன், ஒரு பயணத்தின் தரவைத் திறந்ததும் சுழற்சிக் காலத்தை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். கிளஸ்டர் விண்கலங்களுக்குச் சுமார் 4 வினாடி, தெமிஸ் விண்கலங்களுக்குச் சுமார் 3 வினாடி. சந்தேகம் வந்தால் தரவைச் சுழற்சிக் கட்டத்தின்படி மடித்து, அதாவது ஒவ்வொரு சுற்றின் அளவீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. 5 மாதம் மிச்சம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தரவு இல்லாத இடங்களில் நிரப்பு எண் இருக்கும். சிடிஎஃப் எனும் வடிவிலுள்ள தரவுக் கோப்புகளில் வழக்கமாக −1.0×10³¹. அதை நீக்காமல் சராசரி எடுக்காதீர்கள். ஜிஎஸ்இ, ஜிஎஸ்எம் என்ற இரு வேறு ஆய அச்சுகளைக் கலக்காதீர்கள். நேரத்தை டிடி என்ற சீரான வானியல் நேரத்திலிருந்து யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குக் கையால் மாற்றாதீர்கள். இரண்டுக்கும் 2017 முதல் 69.184 வினாடி வேறுபாடு. நொடிக்கு 400 கிலோமீட்டர் செல்லும் சூரியக் காற்று அதற்குள் 27,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். உயர் பகுப்புத்திறன் கொண்ட ஆம்னி தரவு (சூரியக் காற்று அளவீடுகளின் தொகுப்பு), பூமிக்கு முன்னே எழும் அதிர்ச்சி அலையின் முனைக்கு ஏற்கெனவே நேரம் நகர்த்தித் தரப்படுவது. சூரியக் காற்றை அளக்கும் விண்கலங்கள் நிற்கும் எல்1 புள்ளி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பாடத்தில் படித்த நினைவில், இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எம்எம்எஸ்ஸின் பர்ஸ்ட் தரவில், அதாவது மிக வேகமாக அளந்த தரவில், எலக்ட்ரான்களின் அளவீடு 30 மில்லிவினாடிக்கு ஒன்று. நம் துறைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அந்தத் தரவில் ஒரு சிறு பங்குதான் பூமிக்கு அனுப்பப்படுகிறது. எதை அனுப்புவது என்று ஆய்வாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சுவையான நிகழ்வுகளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேர்ந்த துண்டுகளை மட்டும் எண்ணி, "காந்த மறுஇணைப்பு (காந்தப்புலக் கோடுகள் அறுந்து புதிதாக இணைவது) இத்தனை சதவீத நேரம் நடக்கிறது" என்று எழுதுவது தவறு. மருத்துவமனைக்குள் நின்று எண்ணிவிட்டு ஊரில் பாதிப் பேர் நோயாளிகள் என்பதைப் போன்றது. மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே குறிப்பை எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

போஸ்ட்டாக்குகளிடம் ஒரு வேண்டுகோள். கருவிக் குழுவுக்கு எழுதக் கூச்சப்படாதீர்கள். "முட்டாள்தனமான கேள்வியாக நினைத்துவிடுவார்களோ" என்ற பயம்தான் இவரையும் 5 மாதம் ஊமையாக்கியது. நான் சொல்லி, வரைபடத்தை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது: எந்தக் குறியீட்டைப் பார்க்க வேண்டும், எந்த நேரங்களைத் தவிர்க்க வேண்டும் என்று முழுப் பக்கத்திற்கு. அந்தக் கருவியைக் கட்டுவதற்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள். ஒருவர் அக்கறையோடு கேட்டால் மகிழ்ச்சியாகத்தான் சொல்வார்கள்.

நெறியாளர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு வாரம் கருவிக் கட்டுரையை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் 2 ஆண்டுதான். அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தை அவர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அனுப்பியாக வேண்டும். அதற்குள் 5 மாதம் போனால் அது யாருடைய கணக்கில் சேரும்?

அந்த இளைஞர் போன வாரம் வேறொரு நிகழ்வோடு வந்தார். முதலில் எடுத்துக் காட்டியது தரக்குறியீடு. இரண்டாவது, சுழற்சிக் கட்டத்தில் மடித்த தரவு. மின்புலத்தை மூன்றாவதாகத்தான் காட்டினார். அந்தப் பட்டை கொஞ்சம் அசைகிறது. இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.