ஆறு கிலோ கிழங்கில் ஐந்து கிலோ தண்ணீர்: தீவன பீட் வளர்ப்பும் தீனியும்

தீவன பீட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். ஆனால் இவை ஆண்டுக் கணக்கல்ல. எல்லாமே நாலைந்து மாதத்துக்குள் உருவானவை. ஒவ்வொரு வளையமும் சாறு கடத்தும் குழாய்த் திசு. அதை ஒட்டிய சின்னச் செல்களில் சர்க்கரை அடர்த்தியாக இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள வெளிறிய பட்டையில் செல்கள் பெரியவை. அங்கே தண்ணீர்தான் அதிகம். ஆலைக்குப் போகும் சர்க்கரை பீட்டில் வளையங்கள் நெருங்கியிருக்கும், பழைய தீவன வகைகளில் விலகியிருக்கும். கிழங்கின் மதிப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நாம் பொரியலுக்கு வாங்கும் சிவப்பு பீட்ரூட்டும், சர்க்கரை பீட்டும், தீவன பீட்டும் ஒரே இனம்: பீட்டா வல்காரிஸ். ஐரோப்பாவின் கடலோரங்களில் இன்றும் தானாக முளைக்கும் காட்டு பீட்தான் மூதாதை. 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரையைப் பிரித்துக் காட்டினார். மாட்டுத் தீவனமாக வளர்த்த கிழங்கைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத்தான் பிறகு சர்க்கரை பீட் வந்தது. தீவன பீட்டின் பழைய ஜெர்மன் பெயர் 'மாங்கோல்ட்' வேர். அதை 'மாங்கெல்', அதாவது பற்றாக்குறை, என்று தவறாகக் கேட்டவர்கள் 'பஞ்சக் கிழங்கு' என்றே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

இது ஈராண்டுச் செடி. முதல் வருடம் கிழங்கில் சர்க்கரையைச் சேர்க்கும். குளிர்காலம் தாண்டியதும் அதைச் செலவழித்துப் பூக்கும். அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பைத்தான் நாம் பறித்து மாட்டுக்குப் போடுகிறோம்.

எடையை நம்பாதீர்கள்

ஏக்கருக்கு 50 டன், 60 டன் என்று கேட்டால் வாய் பிளக்கத் தோன்றும். முதலில் கேட்க வேண்டியது உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, எவ்வளவு என்பது. 'மாங்கெல்' என்றே அழைக்கப்படும் பழைய தீவன வகைகளில் 10 முதல் 13 சதவீதம், இன்றைய தீவன பீட் வகைகளில் 14 முதல் 20 சதவீதம், சர்க்கரை பீட்டில் 22க்கு மேல். 15 சதவீதக் கிழங்கு ஆறு கிலோ வாங்கினால் ஐந்து கிலோவுக்கு மேல் தண்ணீருக்குத்தான் காசு.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்தாறு கிழங்குகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஒரு கீற்று எடுங்கள். நடுவில் மட்டும் வெட்டினால் கணக்கு தப்பும். கிழங்கு முழுக்க உலர்பொருள் ஒரே அளவில் இருக்காது. மொத்தம் 1 கிலோ சீவி, நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, அடுத்தடுத்து எடை போட்டும் குறையாத நிலை வரும்வரை காயவையுங்கள். 160 கிராம் மிஞ்சினால் 16 சதவீதம். அந்த உலர்பொருளில் பாதிக்கு மேல் சர்க்கரை. புரதமோ 6 முதல் 10 சதவீதம்தான். ஆகவே இது பசுந்தீவனத்துக்கு மாற்றல்ல, அடர்தீவனத்தில் ஒரு பகுதிக்கு மாற்று. 15 கிலோ கிழங்கு ஏறக்குறைய 2 கிலோ மக்காச்சோளத்தின் எரிசக்தியைக் கொடுக்கும்.

உப்புத் தண்ணீரில் ஒரு பயிர்

இந்தியாவில் இந்தப் பயிருக்குப் பொருத்தமான களம் மேற்கு ராஜஸ்தான். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இதை அங்கே வளர்த்துப் பார்த்துப் பரப்பிவருகிறது. அங்கே பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. கடலோர மூதாதையின் குணம் பீட்டிடம் அப்படியே இருக்கிறது: வேர் உறிஞ்சும் சோடியத்தைச் செல்லுக்குள் தனி அறையில் அடைத்துவிட்டு, மீதிப் பகுதியைப் பீட்டைன் என்ற பொருளால் காத்துக்கொள்ளும். பீட்டைனுக்குப் பெயரே இந்தச் செடியிலிருந்து வந்ததுதான்.

ஆனால் முளைக்கும்போது மட்டும் இந்தத் தைரியம் கிடையாது. வளர்ந்த செடி தாங்கும் உப்பை நாற்று தாங்காது. பாருக்கு (விதைக்கும் மண்மேட்டு வரிசைக்கு) நீர் பாயும்போது உப்பு ஊர்ந்து பாரின் உச்சியில் சேரும். உச்சியில் விதைத்துவிட்டு 'விதை சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கமாக நடப்பது. உப்பு நிலத்தில் பாரின் தோள்பட்டையில் விதைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று பாசனத்துக்குக் கிடைப்பதில் நல்ல தண்ணீரை ஒதுக்க வேண்டும்.

விதைப்பு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. பார் 20 சென்டிமீட்டர் உயரம், வரிசைக்கு வரிசை 50, செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர், ஆழம் 2 சென்டிமீட்டருக்குள். இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 40,000 செடி. ஹெக்டேருக்கு இரண்டு, இரண்டரை கிலோ விதை போதும். இடைவெளியை அகலமாக்கினால் கிழங்கு பெருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெருத்த கிழங்கில் தண்ணீர் விகிதமும் கூடும்.

பழைய வகைகளின் 'விதை' உண்மையில் தக்கை போன்ற ஓர் உருண்டை. உள்ளே இரண்டு முதல் நான்கு விதைகள். எல்லாம் ஒரே இடத்தில் முளைக்கும். நான்கு இலைப் பருவத்தில் ஒன்றை விட்டு மற்றதைக் கலைக்காவிட்டால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எதுவும் திரளாது. ஒற்றை முளை விதைக்கு இந்த வேலை இல்லை. பிடுங்கிய நாற்றை வெற்றிடத்தில் நட்டால் ஆணிவேர் முறிந்து கிழங்கு கவட்டை விழும்.

அடுத்த கண்டம் களை. முதல் ஆறு எட்டு வாரம் பீட் மெதுவாகத்தான் வளரும். அதற்குள் களை மூடினால் மகசூல் போச்சு. அடியுரமாகத் தொழுவுரம், மணிச்சத்து, சாம்பல் சத்து. தழைச்சத்து ஏக்கருக்கு 40 முதல் 60 கிலோ, பாதி அடியுரமாகவும் மீதி இரண்டு தவணையாகவும். பின்பருவத்தில் யூரியாவைக் கொட்டினால் இலை தளதளக்கும், சர்க்கரை குறையும், நைட்ரேட் ஏறும். நடு இலைகள் கருகி, வெட்டினால் கிழங்கின் உள்ளே கறுத்திருந்தால் போரான் குறைவு. அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். விதைப்புக்கு முன்பே மண் பரிசோதனை பார்த்துப் போராக்ஸ் இடுவதுதான் வழி.

ஜனவரி நடுவிலிருந்து தேவைக்கேற்பப் பிடுங்கலாம். வயலே கிடங்கு. ஏப்ரலில் வெயில் ஏறிய பிறகும் தண்ணீர் தேக்கினால் பூஞ்சை பிடித்து, மண்மட்டத்தில் வெள்ளை இழையும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும், கிழங்கு அழுகும். அதற்குள் காலி செய்துவிட வேண்டும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

மாட்டின் பெருவயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அமில அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யும். திடீரென்று ஒரு கூடைக் கிழங்கு விழுந்தால், சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். வயிற்றில் வழக்கமாக ஊறும் அசெட்டிக் அமிலத்தைவிட இது பத்து மடங்கு வீரியம். அமில அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் கூட்டம் மடியும். அடர்ந்த அமிலக் கரைசல் ரத்தத்திலிருந்து தண்ணீரை வயிற்றுக்குள் இழுக்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், சாணம் புளித்த வாடையோடு நீராகும், கண் குழி விழும், தள்ளாடிப் படுக்கும். இந்தக் கட்டத்தில் கைவைத்தியம் வேண்டாம். கிழங்கை நிறுத்தி, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்த மாட்டுக்கு வாய்வழி எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களும் அதே வயிற்றில் உண்டு. அவை பெருக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பழக்கிக் கொடுப்பது என்பது அவற்றுக்கு அவகாசம் தருவதுதான்.

நியூசிலாந்தின் தென்தீவில், கேன்டர்பரி, சவுத்லாந்து வட்டாரங்களில், குளிர்காலத்தில் பசுக்களைப் பீட் வயலிலேயே மேய விடுகிறார்கள். அங்கே விதி: முதல் நாள் மாட்டுக்கு 1 கிலோ உலர்பொருள், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை 1 கிலோ கூட்டுவது. ஹெக்டேருக்கு 25 டன் உலர்பொருள் விளைந்த வயலில் ஒரு சதுர மீட்டரிலேயே இரண்டரை கிலோ நிற்கிறது. மின்வேலியை ஓர் அடி தள்ளிப் போட்டாலே ஆபத்து. வேலி சரியாக இருந்தாலும் முரட்டு மாடு பக்கத்து மாட்டின் பங்கையும் சேர்த்துத் தின்னும்.

கட்டுத்தறியில் இந்தத் தொல்லை குறைவு. முதல் நாள் 1 கிலோ பச்சைக் கிழங்கு, நாளுக்கு 1 கிலோ கூட்டி, இரண்டு வாரத்தில் கறவை மாட்டுக்கு 12 முதல் 15 கிலோவில் நிறுத்தலாம். தீவனத் தொட்டியில் முதலில் கம்புத் தட்டையோ கோதுமை வைக்கோலோ விழ வேண்டும். பசித்த மாட்டுக்குக் கிழங்கை முதலில் காட்டக் கூடாது. கூடவே பிண்ணாக்கு வேண்டும். புரதம் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையை வைத்து வளர முடியாது. கிழங்கில் பாஸ்பரஸும் குறைவு என்பதால் தாது உப்புக் கலவையை விடக் கூடாது.

எலுமிச்சை அளவுத் துண்டு தொண்டையில் அடைத்தால் ஏப்பம் வெளியேற வழியின்றி வயிறு ஊதிவிடும். அதனால் விரல் கனத்தில் சீவிப் போடுங்கள், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும். இலையில் புரதம் கிழங்கைவிட நல்லது, ஆக்சாலிக் அமிலமும் உண்டு. ஒரு நாள் வாடவிட்டு, கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம். கிடாக்களுக்கு பீட் தொடர்ந்து வேண்டாம் என்பது ஐரோப்பிய மேய்ப்பர்களின் பழைய எச்சரிக்கை: சிறுநீர்க்குழாய் குறுகலானது, கல் அடைத்துக்கொள்ளும்.

இடையில் கல்யாணம் காட்சி என்று நாலு நாள் கிழங்கு போடாமல் விட்டுவிட்டால், ஐந்தாம் நாள் பழைய 15 கிலோவைக் கொட்டாதீர்கள். பழகிய நுண்ணுயிர்கள் அதற்குள் குறைந்திருக்கும். மறுபடி இரண்டு மூன்று கிலோவிலிருந்து தொடங்க வேண்டும்.