பரவலாக்கியவர் யார்?

சென்ற வாரம் நண்பர் ஒருவருக்கு மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு) என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உதவிக்கு வைத்திருந்த அறிமுகக் குறிப்பின் முதல் வரியிலேயே ‘பரவலாக்கப்பட்ட திறந்த மூலச் செய்திச் செயலி’ என்று இருந்தது. நண்பர் அதைப் படித்துவிட்டு, “பரவலாகிவிட்டது என்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஒருவரிடம்கூட இல்லையே?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையே இல்லை. நோய்ப் பரவல், வதந்திப் பரவல் என்று பழகிய காதுக்கு ‘பரவலாக்கப்பட்ட செயலி’ என்றால் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்ட செயலி. அப்படிப் பார்த்தால் வாட்ஸ்அப் அல்லவா பரவலான செயலி? அதன் வழங்கிகளோ (சர்வர்கள்) முழுக்க முழுக்க ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எதை மறுப்பதற்காகச் சொல் படைக்கப்பட்டதோ, அதன்மீதே போய் ஒட்டிக்கொள்கிறது இந்த மொழிபெயர்ப்பு. பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்த சொல்தான். அன்றுதான் பொறுமை போய்விட்டது.

ஆங்கிலத்தில் ‘டீசென்ட்ரலைஸ்டு’ என்கிறார்கள், ஒரே மையத்தில் குவிந்திராதது என்று பொருள். நடுவில் இருக்கும் ‘சென்டர்’ கிரேக்கத்தின் ‘கென்ட்ரோன்’ என்பதிலிருந்து வந்தது. முள், கூர்முனை, மாட்டைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோல் என்பன அதன் பொருள்கள். கவராயத்தின் ஒரு காலை ஊன்றி மறுகாலால் வட்டம் வரையும்போது, ஊன்றிய கூர்முனை பதியும் புள்ளிக்கும் அந்தப் பெயர் வந்தது. அதே கிரேக்கச் சொல்தான் வடமொழியில் ‘கேந்திர’ என்று புகுந்து, நம் சோதிடத்தில் கேந்திரமாக அமர்ந்திருக்கிறது. ஆகவே ‘சென்டர் வேண்டாம், கேந்திரம் போதும்’ என்பவர்கள் ஒரே வீட்டின் முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைக்கிறார்கள். ‘மையம்’ வடமொழி மத்தியத்தின் திரிபு என்பவர்களும் உண்டு, தமிழ் வேருடையது என்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. எனக்கு அது எல்லோருக்கும் புரியும் சொல், அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் தகவல் தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க வழி தேடி எழுதிய அறிக்கையில் மூன்று படங்கள் வரைந்தார். முதல் படத்தில் நடுவில் ஒரு புள்ளி, மற்ற எல்லாக் கோடுகளும் அதில் வந்து சேர்கின்றன. இரண்டாவதில் பல நடுப்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிறு கூட்டம், நடுப்புள்ளிகளுக்கிடையே இணைப்பு. மூன்றாவதில் நடு என்று எதையும் காட்ட முடியாது. மீன்வலையைப் போல ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு பிணைந்திருக்கிறது. ‘டீசென்ட்ரலைஸ்டு’ என்று பாரன் பெயரிட்டது இரண்டாவது படத்துக்கு. மூன்றாவதற்கு ‘டிஸ்ட்ரிபியூட்டட்’ என்று வேறு பெயர் கொடுத்தார்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரண்டுக்கும் மாறி மாறி ‘பரவலாக்கப்பட்ட’ என்றே போடுகிறார்கள். மூன்று படங்களுக்கு இரண்டு பெயர். ஒரே கட்டுரையில் இரண்டு ஆங்கிலச் சொற்களும் வந்துவிட்டால் ‘பரவலாக்கப்பட்ட மற்றும் பகிர்ந்தளிக்கப்பட்ட’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். எது எந்தப் படம் என்று எழுதியவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய கோளாறு அந்த ‘ஆக்கப்பட்ட’ என்பதில் இருக்கிறது. ஆக்கப்பட்டது என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். அதிகாரப் பரவலாக்கம் என்று அரசியலில் சொல்கிறோம், அது சரியான சொல். மேலே ஓர் அரசு இருக்கிறது, அதன் கையில் அதிகாரம் குவிந்திருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கீழே கொடுக்கிறது. ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு அரசியலில் அந்தப் பொருளில் வளர்ந்ததுதான். அங்கிருந்த தமிழை அப்படியே பெயர்த்துக் கணினிக்குள் நட்டுவிட்டார்கள். மேட்ரிக்ஸில் யார் எதை எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள்? 2014இல் அது வெளிவந்தபோதே, விரும்பியவர் தன் வழங்கியைத் தானே நிறுவிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. பிரெஞ்சு அரசு 2019இல் தன் ஊழியர்களுக்காக ‘சாப்’ என்ற செயலியை மேட்ரிக்ஸ் நெறிமுறையின்மேல் கட்டி, தன் சொந்த வழங்கிகளில் நடத்தத் தொடங்கியது. அதற்கு யாரும் அதிகாரம் பிரித்துத் தரவில்லை. கேட்க வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாததுதானே அதன் சிறப்பு? ‘பரவலாக்கப்பட்ட’ என்று எழுதும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொடையாளியை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுகிறோம்.

பொதுவாகவே இந்தப் ‘பட்ட’ ஒரு தொற்றாகிவிட்டது. சரிபார்க்கப்பட்ட, மறையாக்கம் செய்யப்பட்ட, நீக்கப்பட்ட, முடக்கப்பட்ட... செயலியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் முழுக்கப் பட்டுப்பட்டே கிடக்கிறது. இவற்றின் உச்சம் ‘மையப்படுத்தப்படாத’. ஒரே சொல்லில் இரண்டு ‘படு’! வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தால் இப்படியெல்லாம் வராது.

‘மையமற்ற’ என்று எழுதுவோர் இன்னொரு தரப்பு. இவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற நல்ல சொல்லின் சாயலில் செய்திருக்கிறார்கள், காதுக்கும் இனிமையாக இருக்கிறது. ஆனால் அது பாரனின் மூன்றாவது படத்துக்குரிய சொல். பிரையார் என்ற செயலியை அப்படிச் சொல்லலாம். அதில் செய்தி நேரே கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போகிறது. இணையம் இருந்தால் அடையாளம் மறைக்கும் டோர் பிணையத்தின் (நெட்வொர்க்) வழியாக, இல்லாவிட்டால் அருகில் இருப்பவருக்குப் புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ. ஜாமி என்ற செயலியும் ஏறக்குறைய இந்த இனம். மேட்ரிக்ஸும், அதைப் போன்ற பழைய நெறிமுறையான எக்ஸ்எம்பிபியும் அப்படியல்ல. அவற்றில் மையங்கள் உண்டு, ஒன்றுக்குப் பல. உங்கள் கணக்கு இருக்கும் வழங்கி படுத்துவிட்டால் உங்களுக்கு அன்று பேச்சில்லை, மற்ற வழங்கிக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘மையமற்ற’ என்று நம்பி வந்தவர் இதைக் கண்டு ஏமாந்து, தொழில்நுட்பமே பொய் என்று போய்விடுகிறார்.

‘மையவிலக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சுழலும் பொருள் வெளியே தள்ளும் விசைக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்ட சொல். செயலி சுற்றுகிறதா என்ன?

என் பரிந்துரை ‘பன்மையம்’. பல்+முகம் பன்முகம், பல்+மொழி பன்மொழி, அந்த வழியில் பல்+மையம் பன்மையம். புணர்ச்சியை மறந்து ‘பல்மையம்’ என்று எழுதினால் பல் மருத்துவமனை என்று படிப்பார்கள், எச்சரிக்கை. இதன் எதிர்ச்சொல் ஒருமையம். இலக்கண வகுப்பின் ‘பன்மை’யோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு: குழப்பிக்கொள்ளட்டும், அதுவும் நல்லதுதான். ஒருமை, பன்மை என்று பள்ளியில் படித்த எவருக்கும் ஒருமையம், பன்மையம் என்றதும் ஒன்றா பலவா என்ற வேறுபாடு விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். முதல் படம் ஒருமையம், இரண்டாவது பன்மையம், மூன்றாவது மையமற்றது. மூன்று படங்களுக்கும் மூன்று பெயர்கள், ஒன்றிலும் ‘பட்ட’ இல்லை.

ஒரு திருத்தம் மட்டும். ‘பன்மையச் செயலி’ என்று எழுதாதீர்கள். செயலி உங்கள் கைபேசியில் இருக்கும் ஒரு கதவு. பன்மையமாக இருப்பது அதற்கு அப்பாலுள்ள பிணையம். எலிமென்ட் என்பது மேட்ரிக்ஸில் பேச உதவும் செயலி, மேட்ரிக்ஸ் நெறிமுறை. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் எக்ஸ்எம்பிபியின்மேல் எழுந்தது. 2006இல் வெளி வழங்கிகளோடு பேசத் தொடங்கியது. 2013இல் அதன் இடத்துக்கு வந்த ஹேங்அவுட்ஸ் அந்தத் திறப்பைக் கைவிட்டது. பயனருக்குத் திரையில் அரட்டைப் பெட்டி இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. பன்மையத்திலிருந்து விலகியது மட்டும் கண்ணில் படவில்லை.

‘திறந்த மூல’ என்ற முன்னொட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதால் இன்னொரு மயக்கம். மூலம் என்றவுடன் நட்சத்திரமும் நோயும் நினைவுக்கு வருகின்றன என்பது பழைய நகைச்சுவை, அதை விட்டுவிடுகிறேன். நிரல் வெளிப்படையாக இருப்பதும் பிணையம் பன்மையமாக இருப்பதும் ஒன்று என்று எண்ணவைப்பதுதான் தொல்லை. சிக்னல் செயலியின் நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அதன் பிணையம் அசல் ஒருமையம். அதுவும் தெரிந்தே எடுத்த முடிவு. பல வழங்கிகள் கூடி நடத்தும் நெறிமுறை நினைத்த வேகத்தில் மாற முடியாமல் தேங்கிவிடும் என்று அதைத் தொடங்கிய மாக்சி மார்லின்ஸ்பைக் 2016இல் வெளிப்படையாகவே வாதிட்டார். ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வாதத்தைத் தமிழில் சொல்லவாவது இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டாமா? டெலிகிராமின் செயலி நிரல் வெளியில் கிடைக்கிறது, வழங்கி நிரல் கிடைப்பதில்லை. இதையும் ‘திறந்த மூலப் பரவலாக்கப்பட்ட’ வரிசையில் வைத்து எழுதியவர்கள் உண்டு.

இத்தகைய கட்டுரைகளுக்கு ‘மாற்று மின்னஞ்சல்’ என்று தலைப்பு வேறு. கணக்கு தொடங்கும் படிவத்தில் கேட்கப்படும் இரண்டாவது முகவரிக்குத்தான் அந்தப் பெயர். ‘மின்னஞ்சலுக்கு மாற்று’ என்று உருபைப் போட்டு எழுதினால் விரல் தேய்ந்துவிடாது. உள்ளடக்கமும் தலைகீழ்: மின்னஞ்சல் பழைய மையத்துக்குக் கட்டுப்பட்டது போலவும், புதிய செயலிகள் விடுதலை தருவது போலவும். ரே டாம்லின்சன் 1971இல் பெயரையும் கணினியையும் ‘அட்’ குறியால் பிரித்து எழுதியபோதே முகவரியில் வழங்கிக்குத் தனி இடம் வந்துவிட்டது. மின்னஞ்சலை வழங்கியிலிருந்து வழங்கிக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. இன்று பெட்டிகள் பெரும்பாலும் சில பெருநிறுவனங்களிடம் குவிந்துவிட்டன என்பது உண்மை. ஆனாலும் நாம் அன்றாடம் புழங்கும் பன்மையங்களில் மூத்தது மின்னஞ்சல்தான். டெல்டா சாட் என்ற செயலி அந்த மின்னஞ்சல் வழங்கிகளையே கொண்டு அரட்டை நடத்துகிறது.

‘ஃபெடரேஷன்’ என்பதற்குத்தான் எனக்கு இன்னும் மனம் ஒப்பும் சொல் அமையவில்லை. ‘கூட்டாட்சி’ என்றால் ஆட்சி வந்துவிடுகிறது, ‘கூட்டமைப்பு’ என்றால் தலைவரும் செயலாளரும் வந்துவிடுகிறார்கள். இப்போதைக்கு ‘வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்’ என்று வாக்கியமாகவே எழுதி வருகிறேன். நண்பருக்கும் அப்படித்தான் சொன்னேன். அடுத்து அவர், தனக்கென்று வழங்கி வைத்துக்கொள்ள எவ்வளவு வேலை பிடிக்கும் என்று கேட்டார்.