ஈர மணலில் தமிழ் மறவன்

செங்கோட்டையைத் தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் சாலையோரத்தில் மலைநீர் கசிந்து மணல் ஈரமாகவே கிடக்கும். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் காலைகளில் பட்டாம்பூச்சிகள் அங்கே கூட்டமாக இறங்கும். பெரும்பாலும் ஆண்கள், தேனில் போதிய அளவு கிடைக்காத சோடியத்தை மண்ணிலிருந்து உறிஞ்ச வருபவை. அந்தக் கூட்டத்தில்தான் தமிழ் மறவனை முதலில் பார்த்தேன். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது அதுதான்.

சிறியவற்றை மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், 100 மி.மீ., புதிதாக வாங்கியது கையில் இருந்தது. மண்டியிட்டு நகர்ந்தேன். என் தொப்பியின் நிழல் மணலில் விழுந்ததுதான் தாமதம், மணல் மட்டுமே மிஞ்சியது. பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் நம் கண்ணளவு நுட்பமாகப் பார்க்காது. ஆனால் ஏறக்குறைய எல்லாத் திசையிலும் அசைவைப் பிடித்துவிடும். "அண்ணாச்சி, இவ்வளவு கிட்டப் போனால் எதுதான் உட்கார்ந்திருக்கும்?" என்றார் எதிரே டீக்கடைக்காரர்.

அவர் சொன்னதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். மேக்ரோ லென்ஸின் பெருமை 1:1 உருப்பெருக்கம். பூச்சியின் 1 மி.மீ., கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 1 மி.மீ. ஆக விழும். அதற்கு லென்ஸின் முகப்பு பூச்சியிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் அகலமே 36 மி.மீ.; தமிழ் மறவன் சிறகு விரித்தால் 60 மி.மீ.க்கு மேல். 1:1-இல் பாதிப் பூச்சிதான் படத்தில் அடங்கும்! முழுதாக எடுக்க 1:2, அதாவது பாதி அளவு, போதும். உள்ளங்கையைவிடப் பெரிய சதர்ன் பேர்ட்விங் பட்டாம்பூச்சி சிறகை மூடியிருந்தால் 1:4 போதும். தூரத்திலிருந்தே எடுக்க உதவும் பல 300 மி.மீ. டெலிஃபோட்டோ லென்ஸ்கள் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றே இந்த 1:4-ஐத் தந்துவிடும். பூச்சி சிறியதென்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் ஓர் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டலாம். அதற்குள் கண்ணாடி கிடையாது, வெறும் காற்றுதான். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் இன்னும் அருகில் ஃபோகஸ் ஆகும். 100 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ட்யூப் உருப்பெருக்கத்தோடு 1:4-ஐக் கூட்டும். 300-இல் 1:12 மட்டும்தான்.

டெலிஃபோட்டோவில் தெளிவின் ஆழம், அதாவது படத்தில் கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம், குறைந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். பூச்சி படத்தில் ஒரே அளவில் விழுந்தால், ஒளி நுழையும் திறப்பான அபர்ச்சரும் ஒன்றாக இருந்தால், இந்த நெருக்கத்தில் எந்த லென்ஸிலும் ஆழம் ஏறத்தாழ ஒன்றே. எஃப் 8 என்ற அபர்ச்சர் அளவில் 1:4 என்றால் சுமார் 1 செ.மீ.; 1:1 என்றால் 1 மி.மீ. மட்டுமே. மாறுவது பின்னணி: நீண்ட லென்ஸ் பின்னாலுள்ள காட்டில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துப் பச்சை மெழுகாக்கிவிடும். உப்புறிஞ்சும் பூச்சி சிறகை மூடியிருந்தால் இன்னும் நல்லது. கேமராவின் முதுகைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால் அந்த 1 செ.மீ.க்குள் பூச்சி முழுதும் தெளிந்துவிடும்.

மேக்ரோவை நான் விற்றுவிடவில்லை. விடியலில் தசை சூடேறாத பூச்சி பறக்க முடியாமல் புல்லில் பனி போர்த்தித் தொங்கும்; அப்போது ஒரு சாண் தூரம் பிரச்சினையே இல்லை. அப்படி ஒரு காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். சிறகு துணியாக இல்லை. கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். நடுவே ஓர் இடத்தில் நாலைந்து ஓடுகள் உதிர்ந்து, கீழே நிறமற்ற சவ்வு தெரிந்தது.