ப்ரீடயாபடீஸ்: முன்நீரிழிவா, இடைநிலையா?

பொதுப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பியவரின் கையில் ஒரு தாள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற வரிக்கு நேரே 6.1 என்று இருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘ப்ரீடயாபடிக்’. “சர்க்கரை இன்னும் வரவில்லை, எல்லையில்தான் இருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகி, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார். அந்தச் சொல் அவருக்குத் தமிழில் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால், அவ்வளவு சுலபமாக மடித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

டயாபடீஸ் கிரேக்கச் சொல். ‘ஊடே கடந்து செல்வது’ என்று பொருள். குடித்த நீர் உடலில் தங்காமல் குழாய் வழியே ஓடுவதுபோல வெளியேறுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. கப்படோசியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்னும் பண்டைய மருத்துவர், சதையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராகப் போகும் நோய் என்று இதை எழுதிவைத்தார். பிற்காலத்தில் சேர்ந்த ‘மெல்லிட்டஸ்’ லத்தீன். தேன் கலந்தது என்று பொருள்.

நம்முடைய நீரிழிவும் அதே காட்சியிலிருந்து பிறந்த சொல்தான். இங்கே இழிவு என்பது தாழ்வும் அன்று, கேவலமும் அன்று. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்று எழுதுவது பழைய வழக்கு. நீர் இழிவதால் நீரிழிவு. இந்தப் பொருள் மறந்துபோனதால், நோயின் பெயரிலேயே ஏதோ அவமானம் ஒட்டியிருப்பதாக எண்ணி அதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது வருத்தம் தருகிறது. அவ்வளவு அழகான சொல். சித்த மருத்துவத்தின் மதுமேகத்தில் மது என்பது தேன். மேகமோ வானத்து மேகம் அன்று. சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். இலங்கையில் வழங்கும் சலரோகமும் நீரைத்தான் சொல்கிறது.

‘ப்ரீ’ என்ற லத்தீன் முன்னொட்டுக்கு ‘முன்’ என்று பொருள். ஆகவே முன்நீரிழிவு என்று பெயர்த்துவிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் இந்த நிலையில் பொதுவாக நீர் இழிவதே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் வெளியே விடுகிறது; அதோடுதான் நீரும் மிகுதியாக இழிகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் இந்த நிலை வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை. (உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110இல்தான் தொடங்குகிறது.) தாகம் இல்லை, இரவில் எழுந்து போக வேண்டிய தொல்லை இல்லை, எடை குறைவதில்லை. பெயரில் இருக்கும் அடையாளம் உடலில் இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் மட்டுமே தெரியும்.

‘முன்’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்பனி என்றால் பின்பனி வந்தே தீரும். முன்னிரவுக்குப் பிறகு பின்னிரவு வராமல் போவதில்லை. அதே காதோடு முன்நீரிழிவு என்று கேட்பவருக்கு, அடுத்தது நீரிழிவுதான் என்று தோன்றிவிடும். உண்மை அப்படி இல்லை. அமெரிக்காவில் இந்த நிலையில் இருந்த 3,234 பேரைச் சேர்த்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுக்கு வேலை கொடுப்பது என்பவை அதில் ஒரு குழுவினருக்கு வைத்த இலக்குகள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

சிலர் ‘விளிம்பு நிலை’ என்று எழுதிப் பார்த்தார்கள். அந்தச் சொல் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்க ஏற்கெனவே நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ‘இடைப்பட்ட உயர் சர்க்கரை’ என்ற பொருளில் ஒரு தொடரை வைத்திருக்கிறது. அதையொட்டி ‘சர்க்கரை இடைநிலை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இடையில் நிற்பவர் இரண்டு பக்கமும் போகலாம். இலக்கணத்திலும் இடைநிலைதான் ஒரு வினை நடந்து முடிந்ததா, இனி நடக்கப்போவதா என்று காட்டுகிறது.

யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதைக் கணிக்கவே ‘ரிஸ்க் ஃபாக்டர்’ தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்த இதய ஆய்வின் ஆய்வாளர்கள் 1961இல் வெளியிட்ட கட்டுரையால் மருத்துவத்தில் பரவிய தொடர் அது. தமிழில் ஆபத்துக் காரணி என்கிறோம். ‘காரணி’யில் காரணம் ஒலிப்பதால், “அம்மாவுக்கு இருந்தது, அதனால் எனக்கும் வந்தே தீரும்” என்று கையை விரித்துவிடுகிறார்கள். அது காரணம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை; வாய்ப்பு கூடுகிறது என்று மட்டுமே சொல்கிறது. ‘இடர்க்கூறு’ என்றால் இந்தக் குழப்பம் குறையும்.

முதலில் பார்க்கும் குடும்ப மருத்துவர் கவனிக்கும் இடர்க்கூறுகளில் முதன்மையானது அந்தத் தாளில் உள்ள எண்ணேதான். எச்பிஏ1சி 5.5க்கும் 6.0க்கும் இடையில் இருப்பவர்களில் 5 ஆண்டுகளில் நீரிழிவு வருவது 9 முதல் 25 சதவீதம், 6.0க்கும் 6.5க்கும் இடையில் அது 25 முதல் 50 சதவீதம். நம் மனிதரின் 6.1 எங்கே விழுகிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, 2 மணி நேரச் சர்க்கரை இரண்டும் கூடியிருந்தால் இடர் மேலும் ஏறும். உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொதிப்பு, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் மிகுதி, உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை, புகைப் பழக்கம் ஆகியவையும் கணக்கில் வரும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்கு இடர் பல மடங்கு. பிரசவத்தோடு அது சரியாகிவிட்டது என்று எல்லோரும் மறந்துவிடுவதுதான் வேதனை.

கடைசியாக ஒரு வினைச்சொல். மொழிபெயர்க்க வந்த துண்டறிக்கை ஒன்றில், “முன்நீரிழிவு நீரிழிவாக முன்னேறும்” என்று முதல் வரைவில் இருந்தது. முன்னேறுவது தமிழில் நல்ல காரியம். பிள்ளைகள் முன்னேறுவார்கள், ஊர் முன்னேறும். நோய் முற்றும். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: “சர்க்கரை இடைநிலையில் இருக்கும்போது உடம்பில் எதுவும் தெரியாது. எடை கூடியவர்களுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது முற்றும் வாய்ப்பு அதிகம். முற்றுவதற்குள் பலரால் திருப்ப முடிகிறது.”