கலைப்பிரிவைக் கழுவிவிடக் காசு கட்டாதீர்கள்

இந்த மாதமும் ஒரு தாய் மகளுடன் வந்திருந்தார். மகள் உயர்தரத்தில் தமிழ், வரலாறு, புவியியல் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவள். காப்பை அடகு வைத்து, ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் டிப்ளோமாவுக்கு முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டியிருக்கிறார்கள். முடித்த கையோடு வேலை என்று வாக்குறுதி வேறு. தேடிப் பார்த்தால் அந்த நிறுவனம் பதிவு செய்யப்படவே இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டலுக்குப் போகும்போதெல்லாம் இதே கதையைக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

"கலைப்பிரிவு படித்தவள், ஒரு கணினிச் சான்றிதழாவது இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள்?" என்றார் அந்தத் தாய். பணம் போனதை விட இந்த எண்ணம்தான் என்னை வாட்டுகிறது. கணிதப்பிரிவில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் கலைப்பிரிவு என்று ஆசிரியர்களே பிள்ளைகள் முன் பேசுகிறார்கள். கணிதம் வராதவருக்குக் கணினி வராது என்பது அதன் அடுத்த படி. சில வேலைகளுக்கு ஆழமான கணிதம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மென்பொருள் என்பது நிரல் எழுதுவது மட்டுமல்ல. பயன்படுத்தப் போகிறவரின் தேவையைக் கேட்டு எழுதவேண்டும், திரையில் வரும் சொற்களை அமைக்கவேண்டும், வழுக்களைக் கண்டுபிடிக்கவேண்டும், தரவுகளை ஒழுங்குபடுத்தவேண்டும். மீனவர் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கச் செயலாளர் தன் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதையும் அந்தப் புத்தகத்தில் உண்மையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க, வரலாறு படித்தவருக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் மென்பொருள் சோதனை செய்பவன். எங்கள் அணியின் மிகக் கூர்மையான சோதனையாளர் இந்து நாகரிகமும் தமிழும் படித்தவர். தட்டச்சு வேலைக்கு வந்தவர் இந்தத் துறையில் நிற்பார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றில் மல்லாவிக்கு முன்னால் மன்னார் நிற்பதை முதலில் கண்டவர் அவர்தான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோட்டில் னகரத்துக்கு நகரத்தை அடுத்த எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் லகரத்துக்கு முன் னகரம் வந்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ னகரம்தான் கடைசி மெய். இன்னொரு முறை 'கொக்கிளாய்' என்று தேடினால் பாதிப் பதிவுகள் கிடைக்கவில்லை. 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சாதாரணத் தேடலுக்கு இரண்டும் வேறு சொற்கள். நிரலாளர்கள் தேடல் கருவியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, "எழுத்தைப் பாருங்கள்" என்றவரும் அவரே.

இது புதிய செய்தியும் அல்ல. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், தமிழ் ஆசிரியர். 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். நம்மிடையே 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகையையும் சிறு மலரையும் எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பொருள் என்று விவரித்துப் பதிய மொழியும் வரலாறும் தெரிந்தவர் வேண்டாமா? புவியியல் படித்தவர்களே, வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இட வரைபடத் தரவுகளை நம்பித்தான் நடக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முற்றிலும் இலவசம். இன்றே இறக்கி உங்கள் ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் வரைந்து பாருங்கள்.

இனிப் பெற்றோருக்கு. பணம் கட்டுமுன் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பதிவைப் பாருங்கள். பாடநெறிக்குத் தேசிய தொழில் தகைமை உண்டா, எத்தனையாம் நிலை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வாருங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டவே கட்டாதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசப் பாடநெறிகள் நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குக் கலைப்பிரிவில் சித்தியடைந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தகைமை விவரத்தை அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் பாருங்கள். ஆங்கிலத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அது இல்லாமல் இந்தத் துறையில் நகர முடியாது.

சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு வா, கணினி வேலை என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். ஐயம் இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் உயர்தரப் பாடங்களை மறைத்துவிட்டு ஆறு மாதச் சான்றிதழை மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். தமிழ், வரலாறு, புவியியல் என்று பெறுபேற்றுடன் முதலிலேயே எழுதுங்கள். அதன் கீழே, நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு தமிழ்ச் செயலியில் கண்ட பிழையையும், அது எப்போது, எப்படித் தோன்றுகிறது என்பதையும் நாலு வரியில் சேருங்கள். நேர்முகத் தேர்வில் நான் முதலில் கேட்பது அந்த நாலு வரியைப் பற்றித்தான்.