மின்சாரம் போனாலும் படி மறக்காத ஏணி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தமிழ் வழி வகுப்புகளுக்குக் கணினி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “2020 ஊரடங்கின்போது பள்ளியின் லினக்ஸ் சர்வரில் மூடில் 3.9 நிறுவினோம். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. இப்போது 4.5க்கு உயர்த்தினால் பிள்ளைகளின் மதிப்பெண்கள் அழிந்துபோகுமா?”

அழியாது. ஏன் அழியாது என்பதைத்தான் ஆசை தீரச் சொல்லப்போகிறேன்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டுகியாமஸ் 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்ட மூடில், பாடங்களையும் தேர்வுகளையும் இணையவழி நடத்த உதவும், பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். சர்வரில் அது மூன்று இடங்களில் இருக்கிறது. நிரல் ஒரு கோப்புறையில். பயனர், வினா, மதிப்பெண் எல்லாம் தரவுத்தளத்தில். பிள்ளைகள் ஏற்றிய கோப்புகள் ‘மூடில்டேட்டா’ என்ற தனிக் கோப்புறையில். நிறுவியவர் நீங்களே என்பதால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மேம்படுத்தும்போது நாம் கையால் மாற்றுவது நிரலை மட்டுமே. பழைய கோப்புறையைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, புதியதை வைத்து, தளத்தின் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் பழைய கான்ஃபிக் கோப்பை அதில் சேர்க்கிறோம். பழையதன் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். நீக்கப்பட்ட கோப்புகள் உள்ளே தங்கிக் குழப்பும். ஆனால் புதிய நிரல் தேடும் அட்டவணைகள் பழைய தரவுத்தளத்தில் இருப்பதில்லை. எங்கோ ஒரு புதிய பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) வேண்டும், எங்கோ ஓர் அட்டவணை வேண்டாம். மதிப்பெண்கள் உள்ளே குடியிருக்கும்போதே வீட்டைத் திருத்திக் கட்டியாக வேண்டும்.

இங்கேதான் அந்த அழகான ஏற்பாடு வருகிறது. மூடிலின் பதிப்பு எண் உண்மையில் ஒரு தேதி. 3.9இன் எண் 2020061500. முதல் எட்டு இலக்கங்கள் 2020 ஜூன் 15ஐக் குறிக்கும். கடைசி இரண்டும் பின்னால் வரும் திருத்தங்களின் வரிசை. தான் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதைத் தரவுத்தளமே குறித்து வைத்திருக்கிறது. புதிய நிரலோடு வரும் மேம்பாட்டுக் கோப்பு நீண்டதோர் ஏணி. ஒவ்வொரு படியும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: “உன் எண் என்னுடைய தேதிக்கு முந்தையதா?” ஆம் என்றால் அந்த மாற்றத்தைச் செய்து, உடனே புதிய எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போகிறது. இல்லை என்றால் பேசாமல் தாண்டுகிறது. உங்கள் தென்னந்தோப்புகளில் மரமேறுகிறவர் தண்டில் கொத்தியிருக்கும் வெட்டில் கால் ஊன்றிய பிறகுதான் அடுத்த வெட்டுக்குக் கை நீட்டுவார் அல்லவா, அதே நிதானம்.

எல்லையோரப் பள்ளி ஒன்றில் நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது, துலாவர்ஷ இடிமழையில் மின்சாரம் போனது. யுபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. விளக்கு வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். ஏறி முடித்த படிகளையெல்லாம் தாண்டி, விட்ட இடத்தில் தொடங்கியது. அன்று அடைந்த நிம்மதி இன்னும் மனதில் இருக்கிறது.

கூர்ந்து படிப்பவர் ஒன்று கேட்கலாம்: மாற்றம் முடிந்து, எண்ணை எழுதுவதற்குள் மின்சாரம் போனால்? மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணையின் அமைப்பை மாற்றினால் அதைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் படி மீண்டும் ஓடும்போது, ஏற்கெனவே இருக்கும் பத்தியைச் சேர்க்க முயன்று தடுக்கி விழ வேண்டும். விழுவதில்லை. “இந்தப் பத்தி ஏற்கெனவே இருக்கிறதா?” என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால்தான் சேர்க்கும்படி படிகளை எழுதுவது மூடில் நிரலாளர்களின் வழக்கம். எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே. யாரோ முகம் தெரியாத ஒருவர் நம் ஊர் மின்வெட்டையும் நினைத்து எழுதியது போலிருக்கிறது.

ஏணிக்கு ஒரு வரம்பு உண்டு. மிகப் பழைய படிகளை அவ்வப்போது நீக்கிவிடுகிறார்கள். 4.5இன் ஏணி 4.1.2இலிருந்துதான் தொடங்குகிறது, 3.9இலிருந்து நேரே ஏற முடியாது. பிஎச்பியும் தடுக்கும்: மூடில் 3.9 அதிகபட்சம் பிஎச்பி 7.4 வரை ஏற்கும், மூடில் 4.5 குறைந்தது பிஎச்பி 8.1 கேட்கும். அந்த இரண்டு பிஎச்பிகளிலும் ஓடக்கூடியது மூடில் 4.1. ஆகவே பிஎச்பி 7.4க்கு வந்து, மூடில் 4.1இன் கடைசித் திருத்தத்துக்கு ஏறி, பிஎச்பியை 8.1 ஆக்கி, பிறகு மூடில் 4.5. தரவுத்தள மென்பொருளையும் இடையில் உயர்த்த வேண்டியிருக்கும்.

தொடங்குமுன் பராமரிப்பு நிலையை இயக்கி, பின்னணி வேலைகளைச் செய்ய நிமிடந்தோறும் தானாக ஓடும் கிரானை நிறுத்தி, மூன்று இடங்களையும் ஒருசேர பேக்கப் எடுங்கள். அந்த பேக்கப்பை ஒரு பழைய கணினியில் மீட்டு, முதல் ஏற்றத்தை அங்கே நடத்திப் பாருங்கள். ராகுகாலம் தவிர்க்கச் சொன்னவர்களையும் சர்வர்மேல் எலுமிச்சம்பழம் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களின் அக்கறை உண்மையானது; ஆனால் மீட்டுப் பார்த்த ஒரு பேக்கப் தரும் காப்பை எலுமிச்சம்பழம் தராது.

2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தால் கேரள அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. அந்த அடித்தளத்தின் மேல், ஓடும் சர்வரைப் பேணவும் ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நல்ல யுபிஎஸ், ஒரு கூடுதல் வட்டு, ஆசிரியருக்கு இரண்டு நாள் ஓய்வான நேரம், கேட்பது இவ்வளவே.

ஏறி முடித்ததும் மொழித் தொகுப்புகளைப் புதுப்பித்துவிடுங்கள். அவை மூடில்டேட்டாவுக்குள் தனியாக இருப்பவை. அதன்பின் ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை தமிழிலும் பக்கத்துப் பிள்ளை மலையாளத்திலும் அதே பாடத்தைத் திறக்கலாம்.